பேட்டரி செயின்சா: தோட்ட வேலைக்கும் விறகுக்கும் முழுமையான வழிகாட்டி

பேட்டரியில் ஓடும் செயின்சாவை முதன்முதலில் கையில் எடுப்பவருக்கு, இது பெரிய டிரில் மெஷின் மாதிரிதானே என்றுதான் தோன்றும். கயிற்றைப் பிடித்து இழுக்க வேண்டாம், பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டாம், புகை கிடையாது. விசையை அழுத்தினால் ஓடும், விட்டால் நிற்கும். இந்தச் சுலபத்தில்தான் சிக்கலும் இருக்கிறது. பெட்ரோல் ரம்பம் ஓடிக்கொண்டிருந்தால் அந்த இரைச்சலே கிட்டே வருபவரை எச்சரித்துவிடும். பேட்டரி ரம்பம் சும்மா இருக்கும்போது, அது அணைந்து கிடக்கிறதா, விரல் பட்டால் பாய்ந்துவிடுமா என்பது காதுக்குத் தெரியாது. பற்கள் என்னவோ இரண்டிலும் ஒன்றுதான். நொடிக்கு 10 முதல் 20 மீட்டர், சில மாடல்களில் அதற்கும் மேலான வேகத்தில் அவை ஓடுகின்றன. அதனால் ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் இப்போதே மனதில் பதித்துக்கொள்ளுங்கள்: செயினைக் கை தொடப்போகிறது என்றால், அதற்கு முன் பேட்டரி கழற்றப்பட்டிருக்க வேண்டும். இறுக்குவது, துடைப்பது, சிக்கிய சுள்ளியை எடுப்பது, எதற்கும் விதிவிலக்கு இல்லை.

மின்சாரச் செயின்சா ஏதோ நேற்று வந்த விளையாட்டுச் சாமான் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஷ்டீல் 1926-இல் செய்த முதல் செயின்சாவே மின்சாரத்தில் ஓடியதுதான். அவருடைய பெட்ரோல் ரம்பம் அதற்குப் பின்னர்தான் வந்தது.

எந்த வேலைக்கு, எந்த அளவு

தோட்டத்தில் கிளை கழிப்பது, காற்றில் விழுந்த மரத்தைத் துண்டு போடுவது, வாரக் கடைசியில் கொஞ்சம் விறகு அறுப்பது: இதற்கெல்லாம் பேட்டரி ரம்பம் தாராளமாகப் போதும். நாள் முழுக்க நிற்காமல் பெரிய மரங்களை அறுக்கும் ஆளுக்குப் பெட்ரோல்தான் இன்னும் வசதி.

செயின் சுற்றி ஓடும் நீண்ட தகட்டைத்தான் ‘பார்’ என்கிறோம். அதன் நீளத்தைக் கண்டு மயங்காதீர்கள். 12 அல்லது 14 அங்குலப் பார் பெரும்பாலான வீட்டு வேலைக்குச் சரியாக இருக்கும். பாரின் நீளத்தைவிட ஐந்து சென்டிமீட்டராவது குறைவான தடிமன் உள்ள கட்டையை ஒரே பக்கத்திலிருந்து நிம்மதியாக அறுக்கலாம் என்பது பொதுக் கணக்கு. 16 அங்குலம், 18 அங்குலம் என்று போகப் போக, அந்த நீளமான செயினைச் சுற்ற வைப்பதற்கே பேட்டரி உழைக்க வேண்டியிருக்கும். முனை கண்ணுக்கு எட்டாத இடத்தில் எதிலாவது மோதவும் வாய்ப்பு அதிகம்.

ஒரு கையில் பிடிக்கிற குட்டிச் செயின்சாக்களும் இப்போது நிறைய வருகின்றன. விரல் தடிமனிலிருந்து மணிக்கட்டுத் தடிமன் வரையிலான கிளைகளுக்கு அவை நல்ல கருவி. ஆனால் அந்தப் பழக்கத்தில் பெரிய ரம்பத்தையும் ஒரு கையில் தூக்கிவிடக் கூடாது. பின்னால் ஒரு கைப்பிடி, முன்னால் ஒரு கைப்பிடி என்று இரண்டு இருந்தால் இரண்டு கையும் அதில் இருந்தே ஆக வேண்டும்.

பேட்டரிக் கணக்கு

பெட்டியில் 40 வோல்ட் என்று போட்டிருப்பதும் 36 வோல்ட் என்று போட்டிருப்பதும் பெரும்பாலும் ஒன்றே. உள்ளே பத்து லித்தியம் செல்கள் வரிசையாக இணைக்கப்பட்டிருக்கும். சார்ஜ் நிறைந்தபோது ஒவ்வொரு செல்லும் 4 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டும், வேலையின்போது சராசரியாக 3.6 வோல்ட். எதைப் பெருக்கி அட்டையில் அச்சடிக்கிறார்கள் என்பதுதான் வித்தியாசம். 20 வோல்ட், 18 வோல்ட் கதையும் இதேதான்.

பேட்டரியில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்று அறிய வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்க வேண்டும். 36 வோல்ட், 5 ஆம்பியர்-மணி என்றால் 180 வாட்-மணி. இப்போது, 1500 வாட் மோட்டார் முழு பாரத்தில் இடைவிடாமல் ஓடினால்? ஏழு நிமிடத்துக்குச் சற்று மேல்தான் தாங்கும். கேட்க அதிர்ச்சியாக இருக்கும், ஆனால் நடைமுறையில் அப்படி ஆவதில்லை. ஒரு கட்டையை அறுக்கச் சில நொடிகள், பிறகு துண்டை நகர்த்த, அடுத்ததை எடுத்து வைக்க, மூச்சு வாங்க என்று போகும் நேரம் அதைவிடப் பல மடங்கு. அந்த இடைவெளியில் பெட்ரோல் ரம்பம் சும்மா உறுமியபடி எரிபொருளைக் குடிக்கும், பேட்டரி ரம்பம் எதையும் செலவழிக்காது. அதனால் ஏழு நிமிட வெட்டு என்பது சாவகாசமாகச் செய்தால் ஒரு மணி நேர வேலைக்குக்கூட வரும்.

வசதி இருந்தால் இரண்டு பேட்டரி வைத்துக்கொள்ளுங்கள். அதிக ஆம்பியர்-மணி உள்ள பேட்டரிக்கு இன்னொரு நன்மையும் உண்டு. அதில் செல் வரிசைகள் பக்கம் பக்கமாகச் சேர்ந்து பாரத்தைப் பகிர்ந்துகொள்வதால் சூடு குறையும், வோல்ட் சரிவதும் குறையும். நேரம் கூடுவதோடு, கடினமான கட்டையில் ரம்பம் திணறாமல் போவதும் தெரியும். மோட்டார் பிரஷ்லெஸ் (உள்ளே உரசும் பிரஷ் இல்லாத) வகையாக இருக்கட்டும்.

வேலை முடிந்து சுடச்சுட இருக்கும் பேட்டரியைச் சார்ஜரில் மாட்டாதீர்கள், ஆறட்டும். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்துபோன பேட்டரியையும் சார்ஜ் செய்யக் கூடாது. உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து செல் நிரந்தரமாகக் கெடும். குளிர்காலத்தில் பேட்டரியை வீட்டுக்குள் வைத்திருந்து வேலைக்குப் போகும்போது மாட்டிக்கொண்டால் தெம்பாக இருக்கும்.

உடம்புக்கு என்ன வேண்டும்

கண்ணாடி அல்லது முகத்திரை, காதுக் கவசம், பிடி நழுவாத கையுறை, முனையில் உலோகம் வைத்த பூட்ஸ், தலைக்கு மேல் கிளை இருந்தால் ஹெல்மெட். சத்தம் குறைவு என்று காதை விட்டுவிட வேண்டாம். மரத்தை அறுக்கும்போது பேட்டரி ரம்பமும் காதைக் கெடுக்கும் அளவுக்குச் சத்தம் போடும். தளர்ந்து தொங்கும் துணி, துப்பட்டா, விரித்த முடி எதுவும் கூடாது.

செயின்சாவுக்கென்றே வரும் கால்கவசத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதற்குள் நீளமான செயற்கை இழைகள் அடுக்கடுக்காக இருக்கும். செயின் மேலே பட்டதும் இழைகள் பிய்ந்து வந்து, செயினை ஓட்டும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில் சுற்றிக்கொண்டு அதை அடைத்து நிறுத்தும். செயின் வேகத்தை வைத்து இவற்றுக்குத் தரம் உண்டு: வகுப்பு 1 என்றால் நொடிக்கு 20 மீட்டர், வகுப்பு 2 என்றால் 24, வகுப்பு 3 என்றால் 28. இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. மின் மோட்டார் குறைந்த வேகத்திலும் முழு முறுக்குவிசை தரும். இழை சுற்றிக்கொண்டாலும் அது பெட்ரோல் எஞ்சின் போலச் சட்டென்று அடங்கிவிடும் என்று சொல்ல முடியாது. சில கவசங்களில் மின்சார ரம்பத்துக்கு உத்தரவாதம் இல்லை என்று அச்சிட்டே இருப்பார்கள். அதற்காகப் போடாமல் இருக்க வேண்டாம், கட்டாயம் போடுங்கள். கவசம் இருக்கிறதே என்று காலைச் செயின் பாதையில் வைக்காமல் இருந்தால் போதும்.

தனியாக வேலை செய்யாதீர்கள். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஒருவர், பையில் போன், எட்டும் இடத்தில் ரத்தத்தை அழுத்திக் கட்ட பெரிய பேண்டேஜ்.

ரம்பத்தைத் தயார் செய்தல்

முதல் மூன்று படிகளும் பேட்டரி வெளியே இருக்கும் நிலையில்தான்.

1. பக்க மூடியைக் கழற்றுங்கள். செயினைப் பாரின் விளிம்பில் உள்ள காடிக்குள் (பள்ளத்துக்குள்) உட்கார வைத்து ஸ்ப்ராக்கெட்டில் மாட்டுங்கள். பாரின் மேல்பக்கத்தில் இருக்கும் பற்களின் வெட்டுமுனை முன்னோக்கி, அதாவது பாரின் நுனியான மூக்கைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் மரம் தேயும், புகையும், அறுபடாது.

2. மூடியை லேசாக முடுக்கிவிட்டு, பாரின் மூக்கை மேலே தூக்கிப் பிடித்தபடி செயினை இறுக்குங்கள். கீழ்ப்பக்கத்தில் செயின் தொங்கக் கூடாது. நடுவில் பிடித்து இழுத்தால் கொஞ்சம் விலகி, விட்டதும் டப்பென்று திரும்ப வேண்டும். இழுத்தாலும் அடிப்பற்கள் காடியை விட்டு முழுசாக வெளியே வந்துவிடக் கூடாது. கையுறை போட்ட கையால் செயினை நகர்த்திப் பாருங்கள், தடையில்லாமல் ஓட வேண்டும். சரி என்றால் மூடியை முழுதாக முடுக்குங்கள்.

3. பார் ஆயில் ஊற்றுங்கள். பேட்டரி ரம்பத்துக்கு எண்ணெயே வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெட்ரோல்தான் வேண்டாம், பாருக்கும் செயினுக்கும் உயவு எப்போதும் வேண்டும். பழைய எஞ்சின் ஆயிலை ஊற்றுவது பம்புக்கும் கெடுதல், மண்ணுக்கும் கெடுதல். தாவர எண்ணெயில் செய்த பார் ஆயில் தோட்டத்துக்கு நல்லது, ஆனால் மாதக்கணக்கில் தொட்டியிலேயே விட்டால் பிசினாகிவிடும்.

4. இப்போது பேட்டரியை மாட்டி, வெளிர் நிற அட்டை ஒன்றின் அருகே, படாமல், சில நொடிகள் ஓட விடுங்கள். அட்டையில் மெல்லிய எண்ணெய்க் கோடு விழுந்தால் பம்பு வேலை செய்கிறது.

5. செயின் ஓடும்போது முன் கைக்காப்பை இடது மணிக்கட்டின் பின்புறத்தால் முன்னே தள்ளுங்கள். இதுதான் செயின் பிரேக், செயின் உடனே நிற்க வேண்டும். நிற்காத ரம்பத்தில் அன்றைக்கு வேலை கிடையாது.

புதுச் செயின் முதல் அரை மணி நேரத்தில் நன்றாக நீளும். அடிக்கடி நிறுத்திப் பார்த்து இறுக்க வேண்டிவரும். அப்புறம் ஒன்று: சூடான செயினை இறுக்கியிருந்தால், வேலை முடிந்ததும் கொஞ்சம் தளர்த்தி வையுங்கள். ஆறும்போது அது சுருங்கி பாரையும் மோட்டார் தண்டையும் இழுக்கும்.

பிடி, நிலை, கிக்பேக்

வலது கை பின்பிடியில், இடது கை முன்பிடியில். இடது கட்டைவிரல் பிடிக்குக் கீழே சுற்றி வந்து பூட்டியிருக்க வேண்டும். மற்ற விரல்களோடு மேலேயே வைத்தால் ரம்பம் துள்ளும்போது கை கழன்றுவிடும். இடது கையர்களுக்கும் இதே பிடிதான், ரம்பம் அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. கால்களை அகட்டி, இடது கால் சற்று முன்னால். உடம்பும் தலையும் செயின் ஓடும் நேர்கோட்டுக்கு இடப்பக்கம் விலகியிருக்கட்டும். ரம்பம் துள்ளினால் அது தோளுக்குப் பக்கத்தில் கடந்து போக இடம் இருக்கும்.

கிக்பேக், அதாவது ரம்பம் திடீரென்று உங்களை நோக்கித் துள்ளுவது, எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். பாரின் மூக்கில் மேல் பாதிதான் ஆபத்தான இடம். அங்கே பற்கள் மேலிருந்து வளைந்து கீழே திரும்புகின்றன. அந்த இடம் ஒரு கட்டையிலோ கிளையிலோ முட்டினால் பல் அறுக்க முடியாமல் மாட்டிக்கொள்ளும். செயினின் வேகம் முழுதும் பாரைத் தூக்கி, உங்களை நோக்கி எறியும். மனிதன் சுதாரிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். செயின் பிரேக் இருப்பது இதற்காகத்தான். ஆனால் அது கடைசிக் காவல் மட்டுமே. மூக்கு எங்கே இருக்கிறது என்பதை ஒவ்வொரு வெட்டிலும் தெரிந்து வைத்திருப்பதுதான் உண்மையான பாதுகாப்பு. நீங்கள் அறுக்கும் கட்டைக்குப் பின்னால் இன்னொரு கட்டை கிடந்தால் முதலில் அதை அப்புறப்படுத்துங்கள்.

பாரின் கீழ்ப்பக்கத்தால் அறுத்தால் ரம்பம் உங்களிடமிருந்து விலகி மரத்துக்குள் இழுத்துக்கொள்ளும். மேல்பக்கத்தால், அடியிலிருந்து மேல்நோக்கி அறுத்தால், ரம்பம் உங்களை நோக்கித் தள்ளும். இரண்டும் இயல்புதான், எதிர்பார்த்துப் பிடித்தால் சமாளிக்கலாம்.

தோளுக்கு மேலே ரம்பத்தைத் தூக்காதீர்கள். ஏணியில் நின்று அறுக்கவே வேண்டாம். உயரக் கிளைக்கு நீண்ட கம்பில் பொருத்திய ரம்பம் தனியாக இருக்கிறது, அல்லது மரமேறும் தொழிலாளி இருக்கிறார்.

கீழே கிடக்கும் கட்டையை அறுப்பது

இதில்தான் அதிக நேரம் செலவாகும், பார் மாட்டிக்கொள்வதும் இங்கேதான். ரம்பத்தை ஓட்டும் முன் கட்டையைச் சுற்றி ஒரு நடை நடந்து, அது எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். தாங்கல் எங்கே என்று தெரிந்தால், எந்தப் பக்க நார் நெருக்கப்பட்டிருக்கிறது, எந்தப் பக்க நார் இழுபட்டிருக்கிறது என்று சொல்லிவிடலாம். நெருக்கப்பட்ட பக்கம் அறுக்க அறுக்க மூடிக்கொண்டு பாரைக் கவ்வும். இழுபட்ட பக்கம் திறந்துகொள்ளும், சில சமயம் படீரென்று பிளக்கும்.

இரண்டு முனையும் தாங்கலில் இருந்து நடுப்பகுதி அந்தரத்தில் இருந்தால், மேல்பக்கம் நெருக்கப்பட்டிருக்கும். முதலில் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு ஆழம் அறுத்து, பிறகு அடியிலிருந்து மேல்நோக்கி அறுத்து அந்த வெட்டைச் சந்திக்க வேண்டும். ஒரு முனை மட்டும் தாங்கலில் இருந்து மறுமுனை நீட்டிக்கொண்டிருந்தால் எல்லாம் தலைகீழ். அப்போது அடிப்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு, அப்புறம் மேலிருந்து மீதி. இரண்டிலும் விதி ஒன்றே: நெருக்கப்பட்ட பக்கத்தில் முதலில் கொஞ்சம், இழுபட்ட பக்கத்தில் முடிவு.

கட்டை முழுதும் தரையில் படுத்திருந்தால் அடியிலிருந்து அறுக்க முடியாது. எல்லாத் துண்டுக்கும் மேலிருந்து மூன்றில் இரண்டு பங்கு அறுத்து வைத்துவிட்டு, கட்டையைப் புரட்டிப் போட்டு மீதியை முடியுங்கள். வெட்டு மூட ஆரம்பித்தால் பாருக்குப் பின்னால் பிளாஸ்டிக் ஆப்பைச் செருகித் தட்டுங்கள். இரும்பு ஆப்பு இங்கே கூடாது, பல் பட்டால் இரண்டில் ஒன்று போகும்.

பார் மாட்டிக்கொண்டால் விசையை அழுத்தி அழுத்திப் பார்ப்பவர்கள் நிறைய. மோட்டார்தான் சூடாகும். விசையை விட்டு, பேட்டரியைக் கழற்றி, கட்டையைக் கடப்பாரையால் நெம்பியோ ஆப்பு அடித்தோ வெட்டைத் திறந்து பாரை உருவுங்கள்.

மண் என்பது செயினுக்கு எதிரி. ஓடும் பற்கள் ஒரே ஒரு முறை மண்ணைத் தொட்டாலும் முனை மழுங்கிவிடும். இழுத்து வந்த கட்டையின் பட்டையில் சேறு ஒட்டியிருந்தால் துடைப்பத்தால் தட்டிவிடுங்கள், அல்லது அந்த இடத்துப் பட்டையைக் கோடாரியால் செதுக்கிவிடுங்கள். வேலிக்குப் பக்கத்தில் நின்ற மரம் என்றால் ஆணியும் கம்பியும் உள்ளே புதைந்திருக்கலாம். மரத்தில் கருநீலக் கறை தெரிந்தால் இரும்பு அருகில் இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

சிறு கட்டைகளுக்குப் பெருக்கல் குறி வடிவக் கால்கள் வைத்த மரத் தாங்கி ஒன்று செய்துகொண்டால் முதுகு தப்பிக்கும். துண்டு விழப்போகும் முனையைத் தாங்கிக்கு வெளியே நீட்டி வைத்து அங்கே அறுங்கள், அறுத்த துண்டு தானாகக் கீழே விழும். காலால் மிதித்துக்கொண்டு அறுப்பது கூடவே கூடாது.

அறுக்கும் முறை எளிது. செயினை முழு வேகத்துக்குக் கொண்டுவந்த பிறகு மரத்தில் வையுங்கள். ரம்பத்தின் உடலுக்கு அருகே உள்ள முள்பட்டையைக் கட்டையில் ஊன்றி, அதை அச்சாக வைத்துப் பின்பிடியை மெல்ல உயர்த்தினால் பார் இறங்கும். அமுக்க வேண்டியதில்லை, செயின் கூராக இருந்தால் ரம்பத்தின் கனமே போதும். அமுக்கினால் பேட்டரிதான் கரையும். வெட்டின் முடிவில் பிடியைத் தளர்த்தாமல் அழுத்தத்தை மட்டும் குறையுங்கள், இல்லாவிட்டால் பார் சட்டென்று கீழே இறங்கி மண்ணையோ காலையோ தேடும். செயின் முழுதாக நின்ற பிறகுதான் அடுத்த அடி எடுத்து வைக்க வேண்டும்.

கிளை கழித்தல்

விழுந்த மரத்தில் அடியிலிருந்து நுனி நோக்கிப் போங்கள். அடிமரம் உங்களுக்கும் ரம்பத்துக்கும் நடுவில் இருப்பதுபோல எதிர்ப்பக்கக் கிளைகளை அறுப்பது நல்லது. தரையில் ஊன்றி மரத்தைத் தாங்கும் கிளைகளைக் கடைசி வரை விட்டுவையுங்கள், அவற்றை அறுத்தால் மரம் உருண்டு கால்மேல் வரும். வில்லாக வளைந்து மாட்டியிருக்கும் இளங்கிளையைச் சும்மா நினைக்காதீர்கள். ஒரே வெட்டில் அறுத்தால் முகத்தில் அடிக்கும். வளைவின் உள்பக்கத்தில் சிறிது சிறிதாகச் சீவி, அதன் விசையை மெல்ல விடுவிக்க வேண்டும்.

நிற்கும் மரத்தின் கிளைக்கு மூன்று வெட்டு. அடிமரத்திலிருந்து சுமார் 30 சென்டிமீட்டர் தள்ளி, கிளையின் அடிப்பக்கத்தில் கால் பங்கு ஆழம் ஒன்று. அதற்குச் சற்று வெளியே மேலிருந்து இரண்டாவது, கிளை விழுந்துவிடும். இந்த அடிவெட்டு இல்லாமல் நேராக மேலிருந்து அறுத்தால், விழும் கிளை பட்டையைக் கிழித்துக்கொண்டே இறங்கும், அந்தக் காயம் ஆற வருடங்கள் ஆகும். மூன்றாவது வெட்டு மிச்சக் குச்சியை எடுப்பது. அடிமரத்தோடு ஒட்ட அறுக்காதீர்கள். கிளை தொடங்கும் இடத்தில் சற்றுப் பருத்த வளையம் தெரியும். அதற்கு வெளியே அறுத்தால்தான் மரம் புதுப் பட்டை போட்டு மூடும்.

நிற்கும் மரத்தைச் சாய்ப்பது

புதியவர்கள் பாரின் நீளத்தைவிடத் தடிமனான மரத்தையோ, வீட்டை, மின்கம்பியை, சாலையை எட்டக்கூடிய மரத்தையோ தொட வேண்டாம். உள்ளே அழுகிய மரம், வேறொரு மரத்தில் சாய்ந்து மாட்டிய மரம் இரண்டும் அனுபவசாலிக்கே சவால். அதற்கு ஆள் கூப்பிடுவதில் வெட்கமில்லை.

திறந்த இடத்தில், விழ வேண்டிய பக்கமே சற்றுச் சாய்ந்திருக்கும் சிறு மரம் என்றால் செய்யலாம். மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்துக்கு யாரும் இருக்கக் கூடாது. விழும் திசைக்கு எதிரே, பக்கவாட்டில் 45 பாகை சாய்வாக ஓடும் பாதையை முன்கூட்டியே சுத்தம் செய்யுங்கள். விழும் பக்கத்தில், தடிமனில் ஐந்தில் ஒன்று முதல் நான்கில் ஒரு பங்கு ஆழத்துக்கு ஆப்பு வடிவத் துண்டை அறுத்து எடுங்கள். மேல்வெட்டும் கீழ்வெட்டும் ஒரே கோட்டில் சந்திக்க வேண்டும். பிறகு பின்பக்கத்திலிருந்து கிடைமட்டமாக அறுத்து வாருங்கள். முழுதாக அறுத்துவிடாமல், தடிமனில் பத்தில் ஒரு பங்கு அகலத்துக்கு நடுவில் மரத்தை அறுக்காமல் விட வேண்டும். இந்தக் கீல்தான் மரத்தைப் பிடித்து, திசை மாறாமல் படுக்க வைக்கிறது. அதை அறுத்துவிட்டால் மரம் தன் இஷ்டத்துக்கு விழும். மரம் அசையத் தொடங்கியதும் ரம்பத்தை நிறுத்திவிட்டு, கண்ணை மரத்தில் வைத்தபடியே விலகுங்கள்.

தொடங்கும் முன் பேட்டரி நிறைந்திருக்கட்டும். பாதி அறுத்த மரத்தை நிற்க வைத்துவிட்டுச் சார்ஜருக்குப் போகும் நிலை வரக் கூடாது.

விறகு

அடுப்பின் உள்நீளத்தைவிட ஐந்தாறு சென்டிமீட்டர் குறைவாக ஒரு குச்சியை நறுக்கி அளவுகோலாக வைத்துக்கொண்டு, கட்டையில் சுண்ணக்கட்டியால் குறி போட்டுவிட்டு அறுங்கள். துண்டுகள் ஒரே நீளமாக இருந்தால்தான் அடுக்கு நிற்கும்.

அறுத்ததும் பிளந்துவிடுவது நல்லது. பட்டை ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும், பிளந்த முகம் வழியே அது சீக்கிரம் வெளியேறும். செயின்சாவால் கட்டையை நார்வாக்கில் பிளக்க முயலாதீர்கள். சாதாரணச் செயின் குறுக்கே அறுப்பதற்கென்று தீட்டப்பட்டது, நீளவாக்கில் போட்டால் நூல் நூலாக நாரை உரித்து மூடிக்குள் அடைத்துக்கொள்ளும். கோடாரியும் இரும்பு ஆப்பும் சம்மட்டியும் இருக்க, பேட்டரியை ஏன் வீணாக்க வேண்டும்?

பச்சை மரத்தில் தண்ணீர், காய்ந்த மரத்தின் எடையில் பாதிக்கும் மேல் இருப்பது சாதாரணம். 20 சதவீதத்துக்குக் கீழே வந்தால்தான் புகையில்லாமல் எரியும். மரத்தின் வகையையும் காற்றையும் பொறுத்து ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடம் வரை ஆகலாம். தரையில் படாமல் கட்டைகள் மேல் அடுக்கி, மேலே மட்டும் மூடி, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்து விடுங்கள். நாலாபுறமும் தார்ப்பாய் சுற்றினால் பூஞ்சைதான் வளரும்.

செயினைத் தீட்டுதல்

கூரான செயின் தடித்த சீவலாக வெளியே தள்ளும். மழுங்கிய செயின் மாவு போன்ற தூளைத் தரும், வெட்டு ஒரு பக்கமாக வளையும், புகை வரும். பெட்ரோல் ரம்பத்தில் மழுங்கல் உழைப்பைத்தான் கூட்டும். பேட்டரி ரம்பத்தில் அது நேராகச் சார்ஜைத் தின்னும். கூடுதல் பேட்டரி வாங்க யோசிப்பவர்கள் முதலில் ஒரு நல்ல வட்ட அரம் வாங்கிப் பார்க்கலாம்.

வீட்டு ரம்பங்களில் பரவலாக வரும் 3/8 அங்குல லோ-புரொஃபைல் (உயரம் குறைந்த) செயினுக்கு 4 மில்லிமீட்டர் வட்ட அரம். செயின் வேறு அளவு என்றால் அரமும் மாறும், கையேட்டில் எண் இருக்கும். பாரை வைசில் (இறுக்குப் பிடியில்) பிடித்து, பல்லின் மேல் பொறித்திருக்கும் கோட்டின் கோணத்துக்கு (பெரும்பாலும் 30 பாகை) இணையாக அரத்தை வைத்து, உள்ளிருந்து வெளியே ஒரே திசையில் தள்ளுங்கள். திரும்பி வரும்போது அரத்தைத் தூக்கிவிட வேண்டும். எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் இழுப்பு. ஒரு பக்கப் பற்களை முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள். ஒரு பக்கம் நீளமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் ஆனால் வெட்டு நேராகப் போகாது.

ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சிறு திமில் இருக்கும். பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. பல் தேயத் தேய அதன் உயரம் குறையும், திமில் அப்படியே இருக்கும், கடைசியில் கூரான பல்கூட மரத்தைத் தொடாது. நாலைந்து முறை தீட்டிய பிறகு, அளவுத் தகடு வைத்து, தட்டை அரத்தால் திமிலையும் கொஞ்சம் குறையுங்கள். பல்லைவிட சுமார் 0.65 மில்லிமீட்டர் தாழ்வாக இருந்தால் போதும். ஆசைப்பட்டு அதிகம் குறைத்தால் ரம்பம் கடித்துக் குலுக்கும், கிக்பேக்கும் கூடும்.

இன்று நாம் பயன்படுத்தும் வளைந்த பல் வடிவத்தின் கதை சுவையானது. அமெரிக்காவின் ஆரகன் மாநிலத்தில் மரம் வெட்டும் தொழிலாளியாக இருந்த ஜோசப் காக்ஸ், அடிக்கட்டை ஒன்றுக்குள் வண்டின் புழு மரத்தை நார்வாக்கிலும் குறுக்கிலும் சுலபமாகத் தின்று போவதைக் கவனித்து, அதன் தாடையின் வடிவத்தில் பல் செய்து 1947-இல் விற்கத் தொடங்கினார்.

வைத்து எடுப்பது, சில்லறைத் தொல்லைகள்

வேலை முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி, மூடியைத் திறந்து எண்ணெயில் குழைந்த தூளை வழித்தெடுங்கள். பாரின் காடியையும் எண்ணெய்த் துளையையும் மெல்லிய தகட்டால் சுரண்டுங்கள். அவ்வப்போது பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினால் இரண்டு விளிம்பும் ஒரே மாதிரி தேயும். தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டாம்.

ஓரத்தில் வைத்த ரம்பத்தின் அடியில் எண்ணெய் தேங்கினால் பயப்படாதீர்கள், பல மாடல்கள் அப்படித்தான் கசியும். நீண்ட நாள் வைப்பதாக இருந்தால் தொட்டியைக் காலி செய்துவிடுங்கள். பேட்டரியை முழு சார்ஜிலும் வைக்க வேண்டாம், சுத்தமாகக் காலியாகவும் வைக்க வேண்டாம். பாதி அளவில், குளிர்ந்த உலர்ந்த இடத்தில், சார்ஜரிலிருந்தும் ரம்பத்திலிருந்தும் கழற்றி வையுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் பேட்டரியும் ரம்பமும் வேறு வேறு அறையில் இருக்கட்டும்.

ரம்பம் ஓடவே இல்லை என்றால் முதலில் செயின் பிரேக் முன்னே தள்ளியிருக்கிறதா என்று பாருங்கள், பாதிப் புகார் அங்கேயே தீரும். வெட்டின் நடுவே நின்று நின்று போனால் அமுக்குகிறீர்கள் அல்லது செயின் மழுங்கிவிட்டது. கொஞ்ச நேரம் நன்றாக ஓடிவிட்டு விளக்கு மினுக்கி நின்றால் சூட்டுக் காவல் வேலை செய்கிறது, நிழலில் ஆற வையுங்கள். செயின் அடிக்கடி கழன்றால் இறுக்கம் போதவில்லை, அல்லது பாரின் காடி தேய்ந்து அகன்றுவிட்டது. பார் சூடாகி நீலம் பாய்ந்தால் எண்ணெய் வரவில்லை. துளையைச் சுத்தம் செய்து, அட்டைச் சோதனையை மறுபடி செய்து, கோடு விழுந்த பிறகு அறுங்கள்.